மழைக்காலமும் விறகுப் போறணையும்

2022இல் சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, இலங்கையின் பல பேக்கரிகள் விறகையே நம்பின. ஆயினும், இறக்கக்கண்டி போன்ற திருகோணமலைக் கரையோரக் கிராமங்களில் திறந்தவெளிப் போறணைக்கு வடகீழ்ப் பருவமழையே பெரும்பகை.

செங்கல்லில் ஊறிய நீர் 100 பாகை செல்சியஸில் ஆவியாகையில் அதன் கனவளவு ஏறத்தாழ 1,600 மடங்காகப் பெருகுகின்றது. எடுத்த எடுப்பிலேயே பெருந்தீ மூட்டினால், வெளியேற வழியற்ற நீராவி சுவரைப் பிளந்துவிடும். ஈரச்சுவர் வெப்பத்தை விழுங்குவதால் பாண் சரிவர வேகாது, விறகும் வீணாகும்.

எனவே, மழை ஓய்ந்தபின் சில நாட்கள் உலர்ந்த சுள்ளிகளால் சிறுதீ மூட்டி, படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும். பொலித்தீனால் இறுக மூடுவது தவறு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. காற்றோட்டமுள்ள கூரையும், நிலத்தீரம் ஏறாத அடித்தளமும் அவசியம். இடிந்த போறணையை மீளக் கட்டுவதிலும் கூரை வேய்வது செலவு குறைந்தது.