நிறம் மாறி எச்சரிக்கும் தாள்

மரத்திலிருந்து இறக்கிய பால் உறைந்து விடாதிருக்க அதில் அமோனியா சேர்க்கப்படுவதை நாம் அறிவோம். அதன் கடும் நெடி கண்ணையும் மூக்கையும் தாக்கும். ஆனால், அந்நெடியிலேயே நெடுநேரம் நின்றால் மூக்கு அதற்குப் பழகிவிடும். நெடி தணிந்ததென நாம் எண்ணுவோம். காற்றிலுள்ள நஞ்சோ தணிந்திராது.

மூக்கு ஏமாறும் இடத்தில் நிறம் துணை செய்கிறது. நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளில் அமோனியா பட்டால், அது நீரில் கரைந்து காரமாகித் தாளை நீலமாக்கும். எனினும், எந்த வாயு, எவ்வளவு என்பதை இத்தாள் கூறாது.

அக்குறையைப் போக்க, அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் சஸ்லிக் குழுவினர், 36 சாயப் புள்ளிகள் கொண்ட அஞ்சல் தலையளவு உணர்கருவியை உருவாக்கி 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒவ்வொரு வாயுவும் அப்புள்ளிகளில் தனித்தனி நிறக்கோலத்தைத் தோற்றுவிக்கும். சோதனையில் 19 நச்சுப் பொருள்களை அது இனங்கண்டது. உயிருக்கு ஆபத்தான அளவில் அவை இருந்தபோது, அதற்கு இரண்டே நிமிடங்கள் போதுமாயின.

ஆயினும், கருவி இல்லையெனக் காத்திருத்தல் தகாது. கண் எரிந்தால் உடனே திறந்த வெளிக்குச் செல்வோம். 15 நிமிடம் தூய நீரால் கண்களைக் கழுவுவோம். பின்னர் தாமதமின்றி மருத்துவரை நாடுவோம்.