ஜப்பானில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: மகாராஜபுரத்திலிருந்து போகிறவர் முதல் சம்பளம் வரை தாக்குப்பிடிப்பது எப்படி?

மகாராஜபுரத்தில் ஏப்ரல் என்றால் முழு ஆண்டுத் தேர்வு முடிகிற மாதம். ஜப்பானில் அதே ஏப்ரலில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது. புதுப் பை, புதுச் சீருடை, புது வகுப்பு எல்லாம் அப்போதுதான். இங்கிலீஷ் சொல்லித்தர வெளிநாட்டிலிருந்து வருகிற உதவி ஆசிரியர்களில் பலர் மார்ச் கடைசியில் பெட்டியோடு போய் இறங்குவதும் இதனால்தான்.

"ஜப்பான்காரனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க நம்ம ஊர்லருந்தா ஆள் போகணும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் விமான டிக்கெட்டில் இல்லை, பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது.

என்ன வேலை இது?

ஜப்பான் அரசு 2020-ல் தொடக்கப் பள்ளியின் 5, 6-ம் வகுப்புகளில் ஆங்கிலத்தை முறையான பாடமாக்கியது. 3, 4-ம் வகுப்புகளில் விளையாட்டுபோல அறிமுகம் செய்கிறார்கள். இந்த வகுப்புகளில் ஜப்பானிய ஆசிரியரோடு நின்று உச்சரிப்பு, உரையாடல், விளையாட்டு நடத்துபவர்தான் மொழி உதவி ஆசிரியர். சுருக்கமாக ஏ.எல்.டி. என்பார்கள்.

இந்த வேலைக்குப் போக வழிகள் சில உண்டு. அரசு நடத்தும் ஜெட் திட்டம் 1987-ல் 4 நாடுகளிலிருந்து 848 பேரோடு தொடங்கியது. ஏதாவது ஒரு பட்டப்படிப்பு போதும். அதிகபட்சம் 5 ஆண்டு இருக்கலாம். முதல் ஆண்டு ஊதியம் இப்போது சுமார் 40 லட்சம் யென். இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள், ஆனால் மிகக் குறைவாக. அதனால் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது இரண்டாவது வழி: பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள். அங்கே சம்பளம் பெரும்பாலும் மாதம் 2 லட்சம் முதல் 2.5 லட்சம் யென் வரை. கோடை விடுமுறை மாதத்தில் அதையும் குறைத்துத் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. இது போக, பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் கற்றுத்தரும் தனியார் வகுப்புகளும், டோக்கியோவில் சி.பி.எஸ்.இ. பாடம் நடத்தும் இந்தியப் பள்ளிகளும் இருக்கின்றன. பி.எட். முடித்து அனுபவமும் உள்ளவர்கள் இந்தப் பள்ளிகளை முதலில் பார்ப்பது நல்லது.

12 ஆண்டுக் கணக்கு

உதவி ஆசிரியராகப் பள்ளிக்குள் போக ஜப்பான் குடிவரவுத் துறை தருவது ‘கல்வி’ என்ற பிரிவு விசா. அதன் நிபந்தனை: எந்த மொழியைச் சொல்லித்தரப் போகிறாரோ, அந்த மொழியின் வழியாக 12 ஆண்டுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தது கணக்கில் வராது. எல்லாப் பாடமும் ஆங்கில வழியில் இருந்திருக்க வேண்டும்.

வத்திராயிருப்பு வட்டாரத்துப் பிள்ளைக்கு இது எப்படிப் பொருந்தும்? பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆங்கில வழி, பிறகு கிருஷ்ணன்கோவில் பக்கமே நான்கு ஆண்டு இன்ஜினீயரிங் என்றால் மொத்தம் 6. ஆறாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழி என்றால் 7-ம் 4-ம் சேர்ந்து 11. ஒரே ஒரு ஆண்டு குறைவு! பேசுகிற ஆங்கிலம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி, காகிதத்தில் 11 என்றால் 11-தான். அதன்மேல் ஆங்கில வழியில் இரண்டு ஆண்டு பி.எட். முடித்தால் 13 ஆகிவிடும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 1, 6-ம் வகுப்புகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கியது 2012-13 கல்வியாண்டில். அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2024-ல் பிளஸ் டூ முடித்தது. மூன்று ஆண்டுப் பட்டம் 2027-ல் கையில் வரும். அதாவது, அரசுப் பள்ளியில் மட்டுமே படித்து இந்த 12 ஆண்டு வாசலைத் தாண்டக்கூடிய முதல் அணி இப்போதுதான் கல்லூரியை விட்டு வெளியே வருகிறது. அதற்கு மூத்தவர்களில் பெரும்பாலோருக்கு, மெட்ரிகுலேஷன் கட்டணம் கட்ட வீட்டில் வசதி இருந்ததா என்பதே தகுதியைத் தீர்மானித்திருக்கிறது. ஜப்பானில் உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பேச்சு ஆங்கில வகுப்புகளுக்கான விசா வேறு பிரிவு. பட்டதாரி என்றால் விதிப்படி 12 ஆண்டு நிபந்தனை அதில் இல்லை. ஆனாலும் நிறுவனங்கள் பல அதையே கேட்கின்றன. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் பயிற்றுமொழிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முரண் பாருங்கள்: தமிழக அரசு வேலைக்கு, தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று காட்டினால் 20 சதவீத இட ஒதுக்கீடு. ஜப்பான் பள்ளிக்கு அதே அலுவலகத்தில் நேர் எதிரான சான்று.

வேலை உறுதியானதும் அந்த நிறுவனமே ஜப்பானில் தகுதிச் சான்றிதழ் வாங்கி அனுப்பும். அது மூன்று மாதம்தான் செல்லும். அதை வைத்துத்தான் விசா. "டூரிஸ்ட் விசாவுல போயிரு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்கிற ஏஜென்டிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அவர் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

முதல் 60 நாள் பணம்

பலரும் தடுமாறுவது இங்கேதான். ஏப்ரலில் வேலை தொடங்கினால், அந்த மாதச் சம்பளம் மே கடைசியில்தான் வரும். இந்த முறை அங்கே சகஜம். மார்ச் கடைசியில் இறங்கியவர் இரண்டு மாதம் கையிருப்பில் ஓட்ட வேண்டும்.

அந்த இரண்டு மாதத்தில்தான் பெரிய செலவும் வருகிறது. வீடு பிடிக்க ஷிகிகின் என்ற முன்பணம் ஒரு மாத வாடகை. ரெய்கின் என்பது வீட்டுக்காரருக்கு ‘நன்றிப் பணம்’, இன்னொரு மாத வாடகை. அது திரும்பி வராது. தரகுக் கட்டணம் ஒரு மாதம், முதல் மாத வாடகை, ஜாமீன் நிற்கும் நிறுவனத்துக்குப் பாதி மாதம். 50,000 யென் வாடகை வீட்டுக்கு இப்படியே 2,25,000 யென் ஆகிவிடும். இரண்டாம் மாத வாடகை 50,000. செகண்ட் ஹேண்டில் ஃபிரிட்ஜ், அடுப்பு, மெத்தை என்று 60,000. சாப்பாடு, பஸ், போன் எல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு லட்சம். கூட்டினால் 4,35,000 யென். ஒரு யென் 60 காசு என்று வைத்தால் 2,61,000 ரூபாய், டிக்கெட் செலவு தனி. உத்தேசக் கணக்குதான், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இதை வட்டிக்கு வாங்கிப் போகிறவருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்துப் போகிறவருக்கும் முதல் வருடம் ஒரே மாதிரி இருக்காது.

குறைக்க வழி உண்டு. ஜெட் திட்டத்தில் விமானச் செலவைப் பணியமர்த்தும் அமைப்பே ஏற்கும். வீடு தேடவும் பல இடங்களில் உதவுவார்கள். அரசு சார்ந்த யு.ஆர். குடியிருப்புகளில் ரெய்கினும் கிடையாது, ஜாமீனும் கேட்பதில்லை. சம்பள வரம்பு மட்டும் உண்டு. வீட்டை நிறுவனமே பிடித்துத் தருமா என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஏனென்றால் தானாகத் தேடினால் வேறொரு சுவரும் இருக்கிறது. ஜப்பான் நீதித்துறை அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 39 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

காகித வேலை

நரிட்டா, ஹனெடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கியதுமே குடியிருப்பு அட்டை தந்துவிடுவார்கள். அதை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். வீடு அமைந்த 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதன்பிறகு நம்ம ஊர் ஆதார் மாதிரி ‘மை நம்பர்’ என்ற 12 இலக்க எண் தபாலில் வரும்.

பேங்க் அக்கவுண்ட்டுக்குப் போன் நம்பர் கேட்பார்கள். போன் வாங்கப் போனால் பேங்க் அக்கவுண்ட் கேட்பார்கள். நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவருக்குக் கணக்கு திறக்கப் பல வங்கிகள் தயங்கும். இந்தச் சுற்றை உடைக்கப் பெரும்பாலானோர் முதலில் மலிவான சிம் ஒன்றை வாங்கிக்கொண்டு தபால் வங்கிக்குப் போகிறார்கள். பெயர் பொறித்த சின்ன முத்திரை இன்னும் சில இடங்களில் கையெழுத்துக்குப் பதில் வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும் தமிழ்ப் பெயரைப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடைப்பது தனிக் கலை. முதல் நாள் எப்படி எழுதினாரோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதினால் பாதித் தலைவலி குறையும்.

காப்பீடு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். வாரம் 29.5 மணி நேரம் என்று ஒப்பந்தம் போட்டு, ஊழியர் காப்பீட்டிலிருந்து நிறுவனங்கள் விலகிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 2024 அக்டோபரிலிருந்து, 51 ஊழியருக்குக் குறையாத நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்தாலே பொதுவாகச் சேர்த்தாக வேண்டும். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் கையிலிருந்து போகும். ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் 9.15 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனமும் அதே அளவு கட்டும். ஆறு மாதத்துக்கு மேல் கட்டிவிட்டு நாடு திரும்பினால், இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்து ஒரு தொகையாகத் திரும்பப் பெறலாம். ஆனால் இந்தியா, ஜப்பான் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மொத்தமாக வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகள் பிற்காலக் கணக்கில் சேராது.

இரண்டாம் ஆண்டு ஜூனில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். முந்தைய ஆண்டு வருமானத்தில் சுமார் 10 சதவீதம் உள்ளூர் வரியாக அப்போதிலிருந்து பிடிப்பார்கள். முதல் ஆண்டு அது இல்லை என்பதால், சம்பளம் குறைந்துவிட்டதோ என்று தோன்றும்.

பள்ளிக்குள்

வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே போடும் காலணிக்கு மாற வேண்டும்; நமக்கு இது பெரிய விஷயமில்லை. மதியச் சாப்பாடு வகுப்பறையிலேயே, பிள்ளைகளோடு. பிறகு பிள்ளைகளே துடைப்பமும் துணியும் எடுத்துப் பள்ளியைச் சுத்தம் செய்வார்கள். ஆசிரியரும் கூடச் சேர்வார். சைவம் சாப்பிடுகிறவர் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். காய்கறிக் குழம்பு மாதிரி தெரிவதிலும் ‘தாஷி’ என்ற மீன் சாறு இருக்கும். டிபன் பாக்ஸ் கொண்டுபோக அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

ஊரிலிருந்து ஆசிரியர் அறைக்குச் சின்னதாகத் தின்பண்டம் கொண்டுபோவது அங்கே மரியாதை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத்தான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் அது சில நாள்தான் தாங்கும், பால் பொருளுக்கு விமான நிலையத்தில் கேள்வியும் வரலாம். தனித்தனியாகச் சுற்றிய கோவில்பட்டி கடலை மிட்டாய் வசதி. உள்ளே நிலக்கடலை என்று எழுதி வைத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, ஒவ்வாமை விஷயத்தில் பள்ளிகள் மிகக் கண்டிப்பு.

முதல் வகுப்பு எப்போதுமே சுய அறிமுகம்தான். தாஜ்மகால் படம் எல்லோரும் காட்டுவார்கள். ராஜபாளையம் நாயும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் நிற மலை அணிலும், ஆண்டாள் கோவில் கோபுரமும் அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கவே மாட்டார்கள். பூனை அளவில் ஒரு அணில் என்றால் வகுப்பே எழுந்து நிற்கும்.

தமிழ் எங்கே கைகொடுக்கிறது?

ஜப்பானிய மொழியில் வினைச்சொல் தமிழ்போலவே கடைசியில் வரும். நாம் ‘சோற்றை’ என்று ‘ஐ’ சேர்ப்பதுபோல அவர்கள் ‘ஓ’ சேர்ப்பார்கள். ‘தபெதே மிரு’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘சாப்பிட்டுப் பார்’. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘இத்தே கிமாஸ்’ என்கிறார்கள், அது அப்படியே நம்ம ‘போய்ட்டு வர்றேன்’. மொழியியலாளர் ஓனோ சுசுமு இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதிட்டார்; மற்ற அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கியம் அமைக்கும் பழக்கம் ஒத்துப்போவது தமிழருக்கு லாபம்.

வகுப்பில் அது இன்னும் பெரிய லாபம். ‘ஏ’, ‘தி’ எங்கே போடுவது என்று ஜப்பானியப் பிள்ளை குழம்புவதும், வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளுவதும் ஏன் என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்குச் சட்டென்று புரியாது. அதே இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்த தமிழ்ப் பிள்ளைக்குப் புரியும். தமிழ் வழியில் படித்து, பிறகு ஆங்கிலத்தைக் கஷ்டப்பட்டுப் பிடித்தவருக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். 12 ஆண்டு விதி வாசலிலேயே நிறுத்துவது அவரைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகள்

டோக்கியோவில் வேலை என்றால் எடோகாவா பகுதியின் நிஷி-கசாய் போனால் போதும். இந்தியர்கள் அதிகம், மளிகைக் கடைகளும் உண்டு. ஆனால் புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சின்ன ஊர், ஒரு மணிக்கு ஒரு பஸ். அங்கே வண்டி தேவைப்படும். இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு வரை செல்லும், சாலையிலும் நம்மைப்போல இடது பக்கம்தான். ஓராண்டுக்குப் பிறகு ஜப்பான் லைசென்ஸ் வேண்டும், அதற்குத் தேர்வு உண்டு.

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. மகாராஜபுரத்தில் அம்மா வேலை முடித்து ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் எடுத்தால் அங்கே பன்னிரண்டரை, மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். அதனால் பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுகிறது. பிளாஸ்டிக், எரியும் குப்பை, பாட்டில், தகரம் எது எந்தக் கிழமை என்ற அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டும்போதே, பக்கத்தில் இந்திய நேரம் காட்டும் ஒரு கடிகாரத்தையும் மாட்டிவிடலாம்.