மைனஸ் 12 டிகிரியில் லைட் தூக்கியவர்கள்

2023 ஒக்டோபரில் ‘லியோ’ வெளியானபோது கொலோனிலிருந்து இரண்டு காரில் போய்ப் பார்த்தோம். படம் முடிஞ்சதும் எல்லாரும் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்கள். என்ட மகள் மட்டும் அசையவில்லை. “அப்பா, பேர் போகுது, பொறுங்கோ” என்றாள்.

காரணம் இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் தயாரிப்பு நிறுவனமான செவன் ஸ்கிரீன் ஸ்டூடியோ ஒரு காணொளி வெளியிட்டிருந்தது. காஷ்மீர்ப் படப்பிடிப்பில் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள் தங்கள் குளிர்க் கதையைத் தாங்களே சொன்ன காணொளி. பெப்ரவரியில் தொடங்கிய வேலை மார்ச் கடைசியில்தான் முடிந்தது. மைனஸ் 12 டிகிரி, 500 பேர் என்று அதில் நடித்த மிஷ்கின் எழுதியிருந்தார். மார்ச் 21 இரவு இந்துகுஷ் நிலநடுக்கம் காஷ்மீரையும் ஆட்டியது. தாங்கள் பத்திரம் என்று நிறுவனம் வடிவேலு காட்சி ஒன்றைப் போட்டுச் சொன்னது. அதுவும் எங்கட ஆட்களுக்குத்தான் வரும்!

குளிரில் படம் பிடிப்பது நடுக்கம் மட்டும் இல்லை. கமரா பற்றரி பாதி நேரத்திலேயே இறங்கிவிடும். அதனால் மாற்றுப் பற்றரியை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருப்பார்கள். வெளியே நின்ற லென்ஸை நேரே சூடான அறைக்குள் கொண்டுவந்தால் நீர் படியும். பையில் காற்றுப் புகாமல் மூடித்தான் உள்ளே எடுக்கவேணும். இரும்பு ஸ்டாண்டை வெறுங்கையால் பிடிக்க ஏலாது, தடிச்ச கையுறையோடு திருகாணி முறுக்கவும் ஏலாது. சமையல்காரரின் பாடு வேறு. படப்பிடிப்பு நடந்த பஹல்காம் சுமார் 2,200 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பருப்பு அவிய நேரம் எடுக்கும். ஐந்நூறு பேருக்கு!

கொலோன் குளிரை அதோடு ஒப்பிட முடியாது. ரைன் கரையில் மைனஸ் 10 வந்தாலே செய்திதான். ஆனாலும் அந்தக் காணொளி என்னை உறுத்தியது. தொண்ணூறுகளில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவினேன். விடியப்புறம் ஈரச் சப்பாத்தோடு பனியில் நடந்து வீட்டுக்கு வருவேன். இப்ப பிள்ளைகளுக்கு அதை வீரக்கதை மாதிரிச் சொல்கிறேன். இரவு வேலைக்கு மேலதிகக் காசு தரவில்லை, சப்பாத்து நானே வாங்கினேன் என்பதைச் சொல்வதில்லை. கஷ்டத்தைப் பெருமையாக்கினால் கணக்குக் கேட்க யாருக்கும் மனம் வராது. சினிமாவிலும் அப்படித்தான். “உயிரைக் கொடுத்து உழைத்தோம்” என்று மேடையில் சொன்னால் கைதட்டுகிறோம். 2020 பெப்ரவரி 19 அன்று சென்னைக்குப் பக்கத்தில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்தபோது மூன்று பேர் உண்மையாகவே உயிரைக் கொடுத்தார்கள்.

மகள் ஊடகம் படிக்கிறாள். போன மாரியில் ஒரு தொடரில் பிராக்டிகும் செய்தாள். முதல் நாள் இரவு கைபேசிக்கு ‘டிஸ்போ’ வந்தது: எத்தனை மணிக்கு வரவேணும், வெப்பநிலை என்ன, சாப்பாடு எப்ப, பக்கத்து ஆஸ்பத்திரி முகவரி எது. நான் “ஓ, கால்ஷீட்” என்றேன். எங்கட சினிமாச் செய்திகளில் கால்ஷீட் என்றால் ஹீரோ கொடுக்கும் நாட்கள் என்று விளக்கினேன். அவள் சிரித்தாள். “அப்ப லைட்மேனுக்கு?”

இங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். படப்பிடிப்பில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது ஜேர்மனியிலும் வழமைதான். ஆனால் அதற்கு எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது, விபத்துக் காப்புறுதி இருக்கிறது, பிராக்டிகும் பிள்ளைக்கும் சேர்த்து. அடுத்த முறை ‘மேக்கிங்’ வீடியோவில் மைனஸ் எத்தனை என்று சொல்லும்போது, சப்பாத்து யார் வாங்கிக் கொடுத்தது என்பதையும் சொன்னால் நல்லாயிருக்கும். நாலு வார்த்தைதான்.

அன்றைக்குத் தியேட்டரில் நாங்கள் இரண்டு பேரும் கடைசிப் பெயர் போகும்வரை இருந்தோம். பொப்கோர்ன் கூட்ட வந்த பெடியன் எங்களுக்காக ஒரு ஓரமாக நின்றான். வருகிற சனி இரவு அவளுக்கு ரைன் கரையில் படப்பிடிப்பு. என்ட கம்பளிக் காலுறை இரண்டு சோடியைக் காணவில்லை.