காலையில் அருவி, மாலையில் நகரம்: இரண்டு ரெயிலுக்கு நடுவே ஒரு நாள்

"காலையில் பெங்களூரில் இறங்குகிறோம். ராத்திரிதான் அடுத்த வண்டி. பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கணும். எதையாவது காட்டுங்க, மாப்பிள்ளை."

பெங்களூரில் குடியிருக்கும் தமிழர்களில் இப்படி ஒரு போன் வராத வீடு இருக்குமா? எனக்கு வந்தது என் மனைவியின் அண்ணனிடம் இருந்து. ஹூப்ளியில் மெக்கானிக் வேலை பார்க்கிறார். மனைவி, மகன், மகளோடு குடியாத்தம் பக்கத்து சொந்த ஊருக்குப் போகிற வழி. அவர் இன்னொன்றும் சொன்னார். "சிவசமுத்திரம் அருவியைப் பார்க்கணும். ஊரையும் பிள்ளைகளுக்குக் காட்டணும். முடியுமா?"

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கும் இதே கவலைதான். அவர்களுடைய கப்பல் காலையில் கொச்சியிலோ புதிய மங்களூர் துறைமுகத்திலோ வந்து நிற்கும். மாலையில் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் அருவிக்குப் போவதா, ஊரைச் சுற்றுவதா என்று திண்டாடுவார்கள். நேரத்துக்குத் திரும்பாதவரை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். நமக்கு ரெயில்தான் கப்பல். மெஜஸ்டிக்தான் துறைமுகம்!

நான் பட்ட அவமானம்

மச்சானிடம் உடனே "முடியும்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய தம்பியை நான் இதே போலக் கூட்டிப் போனேன். காலையில் லால்பாக், பிறகு விதான சவுதா என்று ஊரை முதலில் காட்டினேன். பதினோரு மணிக்கு மேல் பஸ் பிடித்தோம். அருவியைப் போய்ச் சேரும்போது மணி நான்கு. கால் மணி நேரம் நின்றோம். திரும்பும் வழியில் பஸ் ஊருக்குள் நுழைந்ததும் ஆமை வேகம். மூட்டையும் முடிச்சுமாக நாங்கள் நடைமேடைக்கு ஓடி வந்தபோது, வண்டியின் கடைசிப் பெட்டியில் இருக்கும் சிவப்பு விளக்குதான் தெரிந்தது.

ரெயில்வே குமாஸ்தா வீட்டு விருந்தாளி ரெயிலைத் தவற விட்டார் என்றால் ஊர் சிரிக்காதா? மறுநாள் அவர் முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்று கொண்டே ஊருக்குப் போனார். இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து எதிலும் அந்தக் கதையைச் சொல்லாமல் சொந்தக்காரர்கள் சாப்பாட்டுப் பந்தியில் உட்காருவது இல்லை.

அதில் படித்த பாடம் ஒன்று. தூரத்தில் இருப்பதை முதலில் பார்க்க வேண்டும். ரெயில் நிலையத்துக்கு அருகில் இருப்பதைக் கடைசியில் பார்க்க வேண்டும். நேரம் போதாமல் போனால் அருகில் இருப்பதில் ஒன்றைக் குறைத்துக் கொள்ளலாம். 130 கிலோமீட்டர் சாலையைக் குறைக்க யாராலும் முடியாது.

புறப்பட்டோம்

போன ஆண்டு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சான் குடும்பம் விடியற்காலையில் வந்து இறங்கியது. மூட்டைகளை ரெயில் நிலையத்தின் கிளாக் ரூமில் போட்டோம். முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, கொள்ளேகால் போகும் பஸ்சில் ஏறினோம். மாதேஸ்வரன் மலைக்குப் போன நம்மவர்களுக்கு இந்தச் சாலை பழக்கமாக இருக்கும். கனகபுரா, மளவள்ளி வழி. என் மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோறு ஒரு தூக்கில் இருந்தது.

மளவள்ளியில் இறங்கி ஓர் ஆட்டோ பேசினோம். அருவி ஒன்றல்ல, இரண்டு. காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றிக் கொண்டு ஓடி, இரண்டு பக்கமும் விழுகிறது. ஒரு பக்கம் ககனசுக்கி, மறு பக்கம் பரசுக்கி. ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். ஆகவே இரண்டையும் காட்டித் திரும்பக் கொண்டு வந்து விடுவதற்குச் சேர்த்தே, ஏறும் முன் கூலி பேசிக் கொள்வது நல்லது. மழைக்கால வார இறுதிகளில் அரசின் சுற்றுலா பஸ்கள் இந்தப் பக்கம் விடப்படுவதும் உண்டு. முன்கூட்டி விசாரித்தால் இந்தத் தொல்லையும் இல்லை.

மாமனார் கேட்ட கேள்வி

ககனசுக்கியில் பார்வை மேடையில் நின்றோம். எதிரே ஏறக்குறைய 300 அடி உயரத்தில் இருந்து வெள்ளம் பாறை பாறையாக இடித்துக் கொண்டு இறங்குகிறது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை.

மச்சான் போனை எடுத்து ஊரில் இருக்கும் அவருடைய அப்பாவை, அதாவது என் மாமனாரைக் கூப்பிட்டார். படத்தோடு பேசும் போன். அருவியைக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது சரி, கம்பி தெரியுதா?" என்று கேட்டார்.

எங்களுக்கு விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. மாமனார் கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளி. இந்த அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் நிலையம் 1902-ல் ஓடத் தொடங்கியது. முதல் மின்சாரம் ஊர்களுக்குப் போகவில்லை. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்க வயலுக்குத்தான் கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் சுரங்கத்துக்கு மின்சாரம் குறையும். 1911-ல் கண்ணம்பாடி அணையைக் கட்டத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தங்க வயலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்தில் இருந்து போன தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் மேல் ஆழம். கூண்டில் இறங்கிக் கூண்டில் ஏற வேண்டும். பின்னாளில் வேறு மின்நிலையங்களில் இருந்தும் கரண்டு வந்தது. ஆனால் மாமனார் வாயில் அது கடைசிவரை "சிவசமுத்திரம் கரண்டு"தான். "சிவசமுத்திரம் நின்னா நாம பாதியிலே தொங்க வேண்டியதுதான்" என்பாராம். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. மகன் பிழைப்புக்கு ஹூப்ளி போனார். அப்பா ஊருக்குத் திரும்பினார். தன்னைத் தினமும் உயிரோடு மேலே கொண்டு வந்த அந்த அருவியை அவர் ஒரு தடவைகூடப் பார்த்தது இல்லை.

மச்சானின் மகன் போனைத் திருப்பி, வழியோரம் நின்ற மின்கோபுரங்களைக் காட்டினான். "தெரியுது தாத்தா, கம்பி தெரியுது" என்று கத்தினான். அந்தப் பக்கம் பதில் இல்லை. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டிருந்தார்.

நடு அரங்கன்

இரண்டு அருவிகளுக்கும் நடுவே, தீவில் ரங்கநாதர் கோவில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதி அரங்கன், இங்கே மத்திய அரங்கன், நம் ஸ்ரீரங்கத்தில் அந்திய அரங்கன். மூவரும் காவிரித் தீவுகளில்தான் படுத்திருக்கிறார்கள். மச்சான் மனைவி, "நம்ம ஊர்ப் பெருமாளுக்கு அண்ணனா இவர்?" என்று கேட்டுக் கும்பிட்டார். தீவுக்குப் பழைய கல் பாலம் கட்டியவரும் தமிழர்தான். ராமசாமி முதலியார் என்று பெயர். அந்தப் பாலம் 2018 வெள்ளத்தில் சேதம் அடைந்தது.

ஒரு நொடி

பரசுக்கியில் நீர் அகலமாக, மாலை மாலையாக விழுகிறது. நீர் குறைந்திருக்கும் நாட்களில் படி இறங்கிப் போய்ப் பரிசலில் அருவிக்கு அருகே சுற்றி வரலாம். முகத்தில் சாரல் அடிக்கப் பரிசலைச் சுழற்றும்போது வயிற்றைப் பிசையும். வீர விளையாட்டு வேண்டும் என்பவர்களுக்கு அது போதும். வெள்ளம் அதிகம் இருந்தால் பரிசல் கிடையாது. நாங்கள் போன அன்று கிடையாது.

பையனுக்கு ஏமாற்றம். வயது பதினாறு. நாங்கள் புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்து கொண்டிருந்தபோது, கம்பி வேலியைத் தாண்டிப் பாறை மேல் இறங்கிவிட்டான். அருவியை முதுகுக்குப் பின்னே வைத்துப் போட்டோ எடுக்கவாம்! வெள்ளரிக்காய் விற்கும் அம்மாள்தான் முதலில் பார்த்தார். "ஹோகபேடா தம்மா!" என்று அலறினார். அவன் திரும்பினான், கால் வழுக்கியது, உட்கார்ந்துவிட்டான். எழுந்து வந்தபோது முழங்கையில் சிராய்ப்பு. மச்சான் கையை ஓங்கினார். நான் தடுத்தேன். அந்த அம்மாள் எங்கள் யாரையும் திட்டவில்லை. இங்கே இறங்கி ஏறாமல் போன பிள்ளைகளைப் பற்றிக் கன்னடத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

வாசகர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். பாசி படிந்த பாறை காய்ந்தது போலத் தெரியும், வழுக்கும். மேலே கண்ணம்பாடியிலோ கபினியிலோ மதகு திறந்தால், இங்கே மழை பெய்யாமலே நீர் ஏறும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதே அருவிதான்.

மெட்ரோ செய்த உதவி

ஒன்றரை மணிக்கு மளவள்ளி வந்து பஸ் ஏறினோம். போன தடவை என் காலை வாரிவிட்டது ஊர் எல்லைக்கு உள்ளே இருந்த நெரிசல்தான். இந்தத் தடவை ஊருக்குள் பஸ்சில் வரவில்லை. கனகபுரா சாலையில் சில்க் இன்ஸ்டிடியூட் வரை 2021-ல் மெட்ரோ நீட்டிக்கப்பட்டது. அங்கே இறங்கி மெட்ரோ ஏறினோம். அதே பச்சைப் பாதையில்தான் லால்பாக், கே.ஆர். மார்க்கெட், மெஜஸ்டிக் மூன்றும் வருகின்றன.

லால்பாக்கில் 300 கோடி ஆண்டுப் பழமை உள்ள பாறை மேல் பிள்ளைகள் ஏறினார்கள். ஐதர் அலி போட்ட தோட்டம் இது. கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஒரு மணி நேரம் போதும்.

அடுத்து கே.ஆர். மார்க்கெட்டில் பத்தே நிமிடம். பூ வாங்க மட்டும் அல்ல. 1905-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி பெங்களூரில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது இந்தச் சந்தைப் பகுதியில்தான். காலையில் நாங்கள் பார்த்த அருவியின் மின்சாரம்தான் அது! விளக்கு மட்டுமா? பெங்களூர்க் குழாயில் வரும் காவிரி நீரும் சிவசமுத்திரத்துக்கு அருகே எடுக்கப்படுவதே. சுமார் நூறு கிலோமீட்டர் தூரம், மேடு ஏற்றி இறைக்கிறார்கள். முதல் கட்டம் 1974-ல் வந்தது. காலையில் பல் தேய்த்த தண்ணீரின் ஊற்றுக்கண்ணைப் பார்க்கத்தான் போயிருக்கிறோம் என்று மச்சான் மகள் சொல்லிச் சிரித்தாள்.

மெஜஸ்டிக்கில் மாறி விதான சவுதா நிலையத்தில் இறங்கினோம். எதிரே கப்பன் பூங்கா. அதில் நூலகம் இருக்கும் சிவப்புக் கட்டடம் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். பாலக்காட்டுச் சீமையில் பிறந்து மைசூர் திவானாக இருந்த அவர் காலத்தில்தான் சிவசமுத்திரம் திட்டம் தொடங்கியது. 1901-ல் காலமானார். மறு ஆண்டு ஓடத் தொடங்கிய மின்சாரத்தை அவரும் பார்க்கவில்லை. என் மாமனார் நினைவுதான் வந்தது.

இருட்டியதும் விதான சவுதாவில் ஞாயிற்றுக்கிழமை விளக்குகள் எரிந்தன. கெங்கல் அனுமந்தையா கட்டி 1956-ல் முடிந்த கட்டடம். பையன் போட்டோ எடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பினான். "உங்க கரண்டு தாத்தா" என்று எழுதியிருந்தான். இப்போது வேறு எங்கிருந்தெல்லாமோ மின்சாரம் வருகிறது என்று திருத்த நினைத்தேன். திருத்தவில்லை.

இன்னும் ஒரு மணி நேரம் இருப்பவர்கள் அதே மெட்ரோவில் அல்சூர் போய், ஏரிக்கரைப் பக்கம் திருவள்ளுவர் சிலையைப் பார்க்கலாம். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-ல் திறந்த சிலை.

நாங்கள் எட்டரை மணிக்கே ரெயில் நிலையத்துக்கு வந்துவிட்டோம். மூட்டைகளை எடுத்து, தயிர்ச்சாதம் சாப்பிட்டு, வண்டி நடைமேடைக்கு வரும் முன்பே போய் நின்றோம். வண்டி கிளம்பியதும் மச்சான் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, தம்பி கதையை இனிமே நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

சொல்லாமல் இருக்க மாட்டார். ஆனாலும் இந்தத் தடவை சிவப்பு விளக்கைக் கை அசைத்து வழியனுப்பினேன். உங்கள் வீட்டுக்கும் அந்த போன் வரும். "முடியும்" என்றே சொல்லுங்கள். அருவி முதலில், நகரம் பிறகு. வேலியை மட்டும் தாண்டாதீர்கள்.