தங்கம் போய் மாங்கனி வந்தது. சுரங்கத் தொழிலாளிக்கு எதுவும் வரவில்லை

கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தங்கத்தால் அறியப்பட்டது. இன்று அம்மாவட்டத்தின் பெயர் சந்தைகளில் மாம்பழத்தோடும் தக்காளியோடும்தான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கோலார் தங்கவயலுக்கு வடக்கே முள்பாகலைக் கடந்து ஸ்ரீனிவாசபுரா வரை சென்றால், சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள். மாநிலத்திலேயே மிக அதிகப் பரப்பில் மா பயிராவது இம்மாவட்டத்தில்தான். ஆனால் பொன் விளைந்த மண் கனி விளையும் மண்ணாக மாறியபோது, பொன்னை வெட்டியெடுத்தவர்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

தங்கவயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880-ல் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த தலித் மக்களே அதன் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர். சுரங்கத்துக்காக 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததே அதன் பிறகுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. அங்கே வெப்பம் ஒருபுறம், முன்னறிவிப்பின்றி நேரும் பாறை வெடிப்பு மறுபுறம். மேலே வந்த பின்னும் விடாதது நுரையீரலில் படிந்த தூசு. இவற்றுக்கிடையே வெட்டியெடுக்கப்பட்ட தங்கம் 800 டன்னுக்கும் அதிகம்.

சுரங்கங்கள் 1956-ல் மைசூர் மாநில அரசுக்கும், 1962-ல் மத்திய அரசுக்கும் கைமாறின. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்து, எடுக்கும் செலவு விற்பனை விலையைத் தாண்டியதால், 2001 பிப்ரவரி 28-ல் மத்திய அரசு சுரங்கங்களை மூடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். அப்போது தங்கத்தின் விலை அவுன்ஸுக்கு 300 டாலருக்கும் கீழே கிடந்தது. 2025-ல் அது 4,000 டாலரைத் தாண்டியது என்பது குறிப்பிடத்தக்கது.

நிலமில்லாத நகரம்

தோட்டப் பயிருக்கு நிலம் வேண்டும். தங்கவயலில் சுமார் 12 ஆயிரம் ஏக்கர் நிலம் இருந்தது, அனைத்தும் நிறுவனத்துடையது. மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. 'லைன்' என்று அழைக்கப்படும் வரிசைக் குடியிருப்புகளில் ஒற்றை அறை வீடு, அதுவும் நிறுவனத்தின் தயவில். எனவே சுற்றுப்புற வட்டங்களில் நிலமுடைய விவசாயிகள் மாவுக்கு மாறியபோது, சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ரயில்தான் இந்நகரின் பெரிய 'தொழிற்சாலை'.

தோப்புக்காரர்களும் செழித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கோலாரில் வற்றாத ஆறு இல்லை. பாலாறு இம்மாவட்டத்தின் வழியாகத்தான் தமிழகம் நோக்கி வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டிவிட்டன. பம்புகள் நிறுத்தப்பட்டபின் நீர் நிரம்பிக் கிடக்கும் சுரங்கங்கள் ஒருபுறம், நீருக்காகத் துளையிடும் விவசாயிகள் மறுபுறம்! 2018 முதல் பெங்களூரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் கோலார் ஏரிகளுக்கு வருகிறது. நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்ததாக அரசு கூறுகிறது. சுத்திகரிப்பு இரண்டாம் கட்டத்தோடு நின்றுவிடுவதாகச் சூழலியலாளர்கள் கண்டிக்கின்றனர்.

விலையோ தோப்புக்காரர் கையில் இல்லை. பழக்கூழுக்கு ஏற்ற கிளிமூக்கு மாங்காய்தான் இங்கு அதிகம். கூழ் ஆலைகளோ பெரும்பாலும் ஆந்திரத்தின் சித்தூரில். 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் கர்நாடகக் கிளிமூக்கு வரத்துக்குத் தடை விதித்தது. தன் விவசாயிகளுக்குக் கிலோ 12 ரூபாய் கிடைக்கச் செய்ய ஆந்திர அரசு எடுத்த முயற்சியின் விளைவு அது. விலை சரிந்தது, ஸ்ரீனிவாசபுராவில் முழு அடைப்பு நடந்தது. முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். இறுதியில் மத்திய அரசு இரண்டரை லட்சம் டன் மாங்காய்க்கு, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற அடிப்படையில் விலை வித்தியாசத்தை ஈடுகட்ட ஒப்புக்கொண்டது. விவசாயிக்கு நிலம் இருந்தது, சங்கம் இருந்தது, மாநில அரசின் குரலும் இருந்தது. அதனால்தான் தில்லி அசைந்தது. அதுவும் சில வாரங்களில்.

குவியலுக்கு உரிமையாளர் யார்?

தங்கவயலுக்கு அந்த அவசரம் காட்டப்படவில்லை. நகரைச் சூழ்ந்து 13 கழிவுக் குவியல்கள் நிற்கின்றன. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு கலந்த மண் அது. அளவு சுமார் 3.3 கோடி டன். அதில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. அதற்கான பரப்பு 1,003 ஏக்கர்.

இக்குவியல்களை உருவாக்கிய கைகளுக்கு அந்தத் தங்கத்தில் என்ன பங்கு என்பதற்கு அத்திட்டத்தில் விடை இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம், நிலுவைத் தொகை, உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை என்பவையே முன்னாள் தொழிலாளர்களின் கோரிக்கைகள். பணிக்காலத்தில் வைத்த கோரிக்கைகளைவிட இவை பெரியவை அல்ல. கோரிக்கை வைத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. காற்று வீசும் மாதங்களில் குவியலிலிருந்து கிளம்பும் வெண்ணிறத் தூசு அவர்களின் லைன் வீடுகளில் இன்றும் படிகிறது.