புல்வெளியும் மணல்வெளியும்: உள் மங்கோலியாவில் ஒரு மாணவர் பயணம்

நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் எனப் பகுத்துரைத்த தொல்காப்பியர், பாலைக்கெனத் தனி நிலம் எதனையும் வகுக்கவில்லை. கோடை முதிர்ந்தால் காடும் மலையும் சார்ந்த நிலங்களே வளங்குன்றிப் பாலையாகிவிடும் என்பது சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் தரும் விளக்கம். வகுப்பறையில் இதனைப் பயிலும்போது, இஃது ஓர் இலக்கிய மரபு என்ற அளவிலேயே நம் மனத்தில் நிற்கிறது. ஆயின் அது நிலத்தின் இயல்பும் ஆகும் என்பதைக் கண்ணாரக் காணத்தக்க இடம் ஒன்று வடசீனத்தில் உண்டு. அதுவே உள் மங்கோலியா.

சீனப் பல்கலைக்கழகங்களில் பயிலும் அயல்நாட்டு மாணவர்கள் கோடை விடுமுறையில் குழுவாகச் செல்லும் இடங்களுள் இது பெயர் பெற்றது. மருத்துவம் பயிலச் சென்ற தமிழ் மாணவர்களும் இப்பயணத்தை மேற்கொள்வதுண்டு. அத்தகைய குழு ஒன்றில் நாங்களும் சென்று வந்தோம். அங்குக் கண்டவற்றையும், அவற்றின் பின்னுள்ள காரணங்களையும் இக்கட்டுரையில் தொகுத்துரைக்க விழைகின்றோம்.

நாடும் நகரும்

உள் மங்கோலியா என்பது மங்கோலியா என்னும் தனி நாட்டினின்றும் வேறானது. சீன நாட்டிற்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதியாக 1947ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் இது அமைக்கப்பெற்றது. பரப்பு ஏறத்தாழ 11.8 இலட்சம் சதுர கிலோமீட்டர். இன்று இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையினர் ஹான் சீனர். மங்கோலியர் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவே.

தலைநகர் ஹோஹாட். மங்கோலிய மொழியில் 'நீல நகரம்' என்பது இதன் பொருள். பெய்ஜிங்கிலிருந்து முன்பு ஓர் இரவு முழுதும் தொடர்வண்டியில் செல்ல வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அதிவிரைவுப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்ட பின், ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் சென்றடையலாம்.

ஹோஹாட் பழைய ஒட்டக வணிகத்தின் தலைவாயிலாகவும் விளங்கிற்று. இங்கிருந்து புறப்பட்ட ஒட்டகச் சாத்துகள் பாலையைக் கடந்து நடு ஆசியா நோக்கிச் சென்றன. அவற்றை நடத்தியோருள் ஹூய் எனப்படும் சீன முஸ்லிம்கள் பலர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பெரிய பள்ளிவாசல் இந்நகரில் இன்றும் உள்ளது. அதன் கட்டுமானம் சீன மரபைச் சார்ந்தது. அதனைச் சூழ்ந்த தெருக்களில் ஹலால் உணவகங்கள் நிறைய உண்டு. 'சிங்சென்' என்னும் சீன எழுத்துப் பலகையைக் கண்டு அவற்றை அடையாளம் அறியலாம். உணவு பற்றிய கவலையோடு செல்லும் மாணவர்க்கு இச்செய்தி பயன்படும்.

ஒலிக்கும் மணல்

பயணத்தின் முதற்பகுதி குபுச்சிப் பாலைநிலம். மஞ்சளாறு வடக்கே வளைந்து வில்லைப் போல் செல்ல, அதன் தெற்கே நாண் கட்டியது போல் கிழக்கு மேற்காக இம்மணல்வெளி நீண்டு கிடக்கிறது. 'குபுச்சி' என்னும் சொல்லுக்கு மங்கோலிய மொழியில் வில்லின் நாண் என்றே பொருள் கூறுவர். இதன் பரப்பு ஏறத்தாழ 18,600 சதுர கிலோமீட்டர்.

மாணவர் குழுக்கள் பெரிதும் செல்வது இதன் கீழ்ப்பகுதியிலுள்ள சியாங்ஷாவான் என்னுமிடம். 'ஒலிக்கும் மணல் விரிகுடா' என்பது இப்பெயரின் பொருள். பள்ளத்தைக் கம்பி வழித் தொங்கு ஊர்தியில் கடந்து, இரட்டைத் திமில் ஒட்டகங்களில் வரிசையாக ஏறிச் சென்று, உயர்ந்த மணல்மேட்டின் உச்சியினின்று சறுக்கி இறங்குவர். இறங்கும்போது மணல் உறுமுகிறது. தொலைவில் விமானம் செல்வது போன்ற ஆழ்ந்த ஒலி அது.

லாமாக்கள் ஓதிக்கொண்டிருந்த மடம் ஒன்று மணலுள் புதைந்ததென்றும், அவர்தம் ஓதலே இன்றும் கேட்கிறதென்றும் உள்ளூரார் கதை சொல்வர். அறிவியல் தரும் விளக்கம் வேறு. மணற்பரல்கள் ஒரே அளவினவாகவும், தேய்ந்து உருண்டனவாகவும், நன்கு உலர்ந்தனவாகவும் இருத்தல் வேண்டும். அவை சரிவில் திரளாக வழியும்போது ஒன்றோடொன்று ஒரே தாளத்தில் மோதுகின்றன, அவ்வதிர்வே ஒலியாகிறது. மழையில் நனைந்தால் மணல் ஊமையாகிவிடும்.

ஆயினும் அக்கதையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. குடியிருப்பை மணல் வந்து மூடுதல் இந்நிலத்தார் கண்டறிந்த ஒன்று. அந்த அச்சமே கதையாக உருக்கொண்டது எனலாம்.

புல்லும் அதன் வேரும்

பயணத்தின் மறுபகுதி ஷிலாமுரென் புல்வெளி. ஹோஹாட்டின் வடக்கே தாச்சிங் மலைத்தொடரைக் கடந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் சென்றால் இதனை அடையலாம். நீலத் துணியைக் கையிலேந்திப் பாட்டிசைத்து வரவேற்பர். வெள்ளிக் கிண்ணத்தில் மது நீட்டுவது அவர்தம் விருந்தோம்பல் மரபு. அருந்தாதோர் பணிவுடன் மறுத்தால் வருந்துவதில்லை; உப்பிட்ட பால் தேநீரை வறுத்த தினையரிசியோடு தருவர். எம் குழுவில் முஸ்லிம் மாணவர் பலர் இருந்தமையால் தேநீர்க் கெண்டியே பலமுறை வலம் வந்தது.

புல்வெளி என்றவுடன் இடுப்பளவு உயர்ந்த பசும்புல்லை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றம் அடைவர். இங்குப் புல் கணுக்காலளவே உள்ளது. இடையிடையே மண் தெரிகிறது. ஆண்டு முழுதும் பெய்யும் மழை 200 முதல் 300 மில்லிமீட்டர் அளவே. வளரும் பருவமோ ஏறத்தாழ நான்கு மாதம். எஞ்சிய காலத்தில் குளிரும் வறட்சியும் மாறி மாறி ஆளும்.

இப்புல்லின் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மேலே தெரியும் தாளைக் காட்டிலும் மண்ணுள் பரந்த வேர் பன்மடங்கு மிகுதி. அவ்வேர்கள் பாய் முடைந்தாற்போல் பின்னி, மெல்லிய மேல்மண்ணைப் பற்றிக் காக்கின்றன. பல இடங்களில் அம்மண்ணுக்குக் கீழே இருப்பது மணலே. வேர்ப்பாய் ஓரிடத்தில் கிழிந்தால் வேனிற்காற்று மண்ணை வாரிச் செல்லும், மணல் வெளிப்படும், அம்மணல் அருகிலுள்ள புல்லையும் மூடும். முல்லை பாலையாவது இவ்வாறே. ஓரங்குல மேல்மண் மீண்டும் உருவாக நூற்றாண்டுகள் வேண்டும். முதல்நாள் நாங்கள் சறுக்கி விளையாடிய மணலுக்கும் மறுநாள் கால்பதித்த புல்லுக்கும் இடையே நின்ற காப்பு, சாண் கணக்கில் அளக்கத்தக்க இந்த வேர்ப்பாயே.

நகர்ந்து வாழ்ந்த மக்கள்

மங்கோலிய மேய்ப்பர் இதனை நன்கறிந்திருந்தனர். குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறியாடு, வெள்ளாடு ஆகிய ஐவகைக் கால்நடைகளையும் கலந்து வளர்த்தனர். ஓரிடத்துப் புல் தீருமுன் அடுத்த இடம் பெயர்ந்தனர். மரச்சட்டமும் கம்பளிப் போர்வையும் கொண்ட 'கெர்' என்னும் வட்டக் கூடாரத்தைச் சில மணி நேரத்தில் பிரித்து வண்டியிலேற்றலாம். அது நின்ற வட்டத்தில் மீண்டும் புல் முளைக்கும். மண்ணைத் தோண்டுதல் தகாதென்று கருதினர். காலணியின் முனை மேல்நோக்கி வளைந்திருப்பதும் மண் புண்படாமைக்கே என்று கூறுவர்.

இவ்வொழுங்கு பல காரணங்களால் குலைந்தது. 1902ஆம் ஆண்டிற்குப் பின் சிங் அரசு மேய்ச்சல் நிலத்தை உழவுக்குத் திறந்துவிட்டது. உழுத நிலம் சில ஆண்டுகளில் சத்திழந்து, கைவிடப்பட்டு, மணலாயிற்று. 1980களில் நிலம் குடும்பவாரியாகப் பகுக்கப்பட்டது. பின்னர் வேலிகள் எழுந்தன. காஷ்மீர் கம்பளிக்கு உலகச் சந்தையில் விலை ஏறவே வெள்ளாடுகள் பெருகின. வேலிக்குள் அடைபட்ட மந்தை, அதே புல்லை மீண்டும் மீண்டும் மேய்ந்தது.

இம்மாற்றத்தை நேரிற்கண்டு எழுதியவர் சியாங் ரோங். அவர் 1967இல் பெய்ஜிங்கிலிருந்து இளைஞர் குழு ஒன்றோடு புல்வெளிக்குச் சென்று பதினோராண்டு வாழ்ந்தவர். 2004இல் அவர் எழுதிய புதினம், சி. மோகன் மொழிபெயர்ப்பில் 'ஓநாய் குலச்சின்னம்' எனத் தமிழிலும் வந்துள்ளது. ஓநாயை அழித்தால் புல்லுண்ணிகள் பெருகும், புல் அழியும் என்னும் தொடர்பை அந்நூல் விளக்குகிறது.

மீட்கும் முயற்சி

சீன அரசு 1978ஆம் ஆண்டு வடபுலம் முழுதும் காப்பு மரப்பட்டை அமைக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. 2050வரை அது நீளும். 2002இல் பாலையாதலைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வைக்கோலை மணலில் ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாக ஊன்றிக் காற்றின் வேகத்தைக் குறைக்கும் முறை எளியது, பெரும்பயன் தருவது. 1950களில் பாவ்தோவ் - லான்சோவ் இருப்புப்பாதையை மணலினின்று காக்க உருவானது அது. கட்டங்களினுள் மணல் அலரியும் அதிமதுரமும் நடுகின்றனர். குபுச்சியில் மூன்றில் ஒரு பங்கு பசுமையாயிற்று என்பர். 2019இல் ஓடும் குதிரை வடிவில் அங்கு அமைத்த சூரிய மின்பலகைகளின் நிழலிலும் செடிகள் வளர்கின்றன. பாலையாதல் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 13ஆவது மாநாடு 2017இல் இப்பகுதியைச் சார்ந்த ஓர்தோஸ் நகரில் நிகழ்ந்தது.

எனினும் குறைகளையும் சொல்லுதல் வேண்டும். மழை குன்றிய நிலத்தில் மிகுதியாக நட்ட மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சி, தாமும் வளராமல் குறுகி நிற்கின்றன. அவற்றைச் 'சிறு கிழ மரங்கள்' என்றே அங்குள்ளோர் அழைப்பர். மேய்ச்சலுக்குத் தடை விதித்து, மேய்ப்பர் குடும்பங்கள் பலவற்றை நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்த்தனர். புல்லைக் காக்க மேய்ப்பரை அகற்றுதல் தகும் என்போர் ஒருபுறம். நகர்ந்து மேய்த்தலே புல்லைக் காத்தது, வேலியும் ஏருமே கெடுத்தன என்போர் மறுபுறம். அறிஞரிடையே இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. 2021 மார்ச்சில் பெய்ஜிங் வானத்தை மஞ்சளாக்கிய மணற்புயல், பத்தாண்டுகளில் கண்டிராத அளவினது. பணி இன்னும் முடியவில்லை என்பதற்கு அது சான்று.

மாணவர் கருதத்தக்கது

இன்று பயணிகள் தங்கும் கெர் பெரும்பாலும் சிமெண்டால் ஆனது. அதனுள் மின்விளக்கும் குளியலறையும் உண்டு. அஃது இடம் பெயராது. ஒரே வழியில் நாள்தோறும் நடக்கும் குதிரைகளின் குளம்பும், பாதையைவிட்டு ஓடும் ஊர்திகளின் சக்கரமும் புல்லைத் தேய்த்த தடங்களை யாமே கண்டோம். பார்க்க வரும் கூட்டமும் பாலையைப் பெருக்கும் என்பது இதனாற் பெறப்படும். பாதை தவறாது செல்லுதல், குப்பை விடாமை, மேய்ப்பர் குடும்பம் நடத்தும் விடுதியில் தங்குதல் ஆகியன செல்வோர் செய்யத்தக்கவை.

அயல்நாட்டுக் கல்வி பட்டத்தோடு முடிவதன்று. சென்ற நாட்டின் நிலத்தையும், அந்நிலத்தை நம்பி வாழ்வோரையும் அறிதல் அதன் ஒரு பகுதி. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பாளர்க்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை 2022இல் அறிவித்தது. பாலை என்பது தொலைவில் தனியே கிடக்கும் ஒரு நிலமன்று. பேணாது விட்டால் எந்நிலமும் எய்தும் நிலை அது. நம் முன்னோர் இலக்கியத்துள் வைத்துப் போற்றிய இவ்வுண்மையை, பயிலும் மாணவர் தாம் செல்லும் நாடுதோறும் நினைவிற் கொள்வாராயின், அப்பயணம் பயனுடையதாகும்.