மூச்சுக்கு அளவெடுத்த பாட்டு

காதல் முறிந்துபோன நாட்களில் காதில் விழுகிற பாட்டெல்லாம் நமக்காகவே எழுதியதுபோல் இருக்கும். என்னைப் பிடித்துக்கொண்டது 'சென்ட் இன் தி கிளவுன்ஸ்'. 1973 பிப்ரவரியில் பிராட்வேயில் மேடையேறிய 'எ லிட்டில் நைட் மியூசிக்' என்ற இசை நாடகத்தில் வருவது.

கதைக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1900-ஐ ஒட்டிய ஸ்வீடன். டெசிரே என்ற நடிகை, பழைய காதலர் ஃப்ரெட்ரிக்கோடு இனியாவது சேர்ந்து வாழலாமா என்கிறாள். அவரோ பதினெட்டு வயதுப் பெண்ணை மணந்துகொண்டு, விடவும் முடியாமல் நிற்கிறார். அவர் மறுத்ததும் அவள் பாடுகிறாள். தலைப்பில் உள்ள கோமாளிகள் சர்க்கஸ்காரர்கள் அல்ல. ஆட்டம் சொதப்பினால் கோமாளிகளை இறக்கிவிடு என்கிற நாடகக்காரர் பேச்சு அது.

நாடகத்துக்குப் பாட்டெழுதி இசையமைத்த ஸ்டீபன் சோன்ட்ஹைம் ஒத்திகைக் காலத்தில்தான் இதை எழுதிச் சேர்த்தார். டெசிரேவாக நடித்த கிளினிஸ் ஜான்ஸின் குரல் இனிமையானது. ஆனால் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க வராது. எனவே தையற்காரர் உடம்புக்கு அளவெடுப்பதுபோல் சோன்ட்ஹைம் அவருடைய மூச்சுக்கு அளவெடுத்தார். சின்னச் சின்ன வரிகள். பல வரிகள் கேள்விகள். வரிக் கடைசியில் வாயைச் சட்டென்று மூடிவிடும் மெய்யொலிகள். இழுத்துப் பாட இடமே இல்லை.

அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். தொண்டை இறுகி, மூன்று சொல்லுக்கு ஒருமுறை பேச்சு நின்றுவிடும். ஒரு நடிகையின் குறைக்காகச் செய்த ஏற்பாடு, அச்சு அசலாகத் துக்கத்தின் மூச்சாக அமைந்துவிட்டது.

சரி, அவருக்குத் தைத்த சட்டை எனக்கு எப்படிப் பொருந்தியது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்வாளர் பெட்ர் ஜனாட்டா 13 மாணவர்களை மூளை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, அவர்கள் சிறுவயதில் கேட்டிருக்கக்கூடிய பாட்டுத் துணுக்குகளைப் போட்டுக்காட்டினார். முடிவு 2009-இல் வெளிவந்தது. சொந்த நினைவைக் கிளப்பிய பாட்டுகளுக்கு, நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதி கூடுதலாக வேலை செய்தது. நம்மைப் பற்றி நாமே நினைக்கும்போதும் சுறுசுறுப்பாகிற பகுதி அது. இசையின் சுரப்போக்கையும் அதே இடம் பின்தொடர்ந்தது. பாட்டும் 'நானும்' அங்கே ஒரே அறையில் குடியிருக்கின்றன.

வலியும் பொய்யில்லை. 2011-இல் அமெரிக்காவில், அண்மையில் காதல் முறிந்த 40 பேரிடம் முன்னாள் துணையின் படத்தைக் காட்டினார்கள்; கையில் வலிக்கும் அளவுக்கு வெப்பமும் கொடுத்துப் பார்த்தார்கள். உடல்வலியை உணரும் சில பகுதிகள் இரண்டுக்குமே விழித்தன. இரண்டும் ஒன்றேதான் என்று துள்ள வேண்டாம்: இடம் ஒன்றானாலும் நரம்புகள் இயங்கும் விதம் வேறு என்று 2014-இல் வந்த ஆய்வு காட்டியது.

இவ்வளவு வலிக்கும்போது சோகப் பாட்டை ஏன் தேடிப் போகிறோம்? பெர்லின் ஆய்வாளர்கள் 772 பேரின் பதில்களைத் திரட்டிச் செய்த ஆய்வில், சோகப் பாட்டு எழுப்பும் உணர்வுகளில் முதலிடம் பிடித்தது துயரம் அல்ல, பழைய நாட்களின் ஏக்கம்.

'சென்ட் இன் தி கிளவுன்ஸ்' பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோனது பாடகி ஜூடி காலின்ஸின் தெளிந்த, நீண்ட குரல். எனக்கு அது சற்று அழகு கூடிப்போனதாகவே படுகிறது. கேட்பதானால் 1973 நாடகக் குழுவின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். மூச்சு அறுகிற இடமெல்லாம் அதில்தான் இருக்கிறது.